மன்னரின் ஐந்தாவது விரல்

பரிமேடு என்றொரு நாடு இருந்தது. சாலையே இல்லாத அந்த மலைநாட்டில் அரிசி ஏறுவதும் நோயாளி இறங்குவதும் குதிரை முதுகில்தான். அந்தக் குதிரைகளின் நெற்றியை அண்ணாந்து பார்த்தாலே நமக்குக் குரல் தாழ்ந்துவிடும்.

முடிசூட்டு நாளில் மன்னர் பேரருளர் உள்ளங்கையில் ஒரு வெல்லக்கட்டியை வைத்து நீட்டினார். சாம்பல் என்ற குதிரை அவ்வளவு பெரிய தலையைத் தாழ்த்தி, உதட்டால் மட்டும் அதை எடுத்துக்கொண்டது. கூட்டம் மெய்சிலிர்த்தது. பலர் அழுதார்கள். நானும் அழுதேன், பொய் சொல்வானேன்.

அந்தச் சிலிர்ப்பு வாராவாரம் வேண்டும் என்று அரண்மனை முடிவெடுத்தது. வெல்லச் செலவுக்காகத் தொட்டியில் போடும் கொள்ளு பாதியாகக் குறைந்தது. கொஞ்ச நாளில் குதிரைகள் வருவோர் போவோர் மடியை முகர்ந்தன, இடித்தன, வெறுங்கையைக் கடித்தன. ‘இவை கடிகள் அல்ல, நன்றியின் அடையாளங்கள்’ என்று அரசாணை வந்தது. கையில் கட்டோடு நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

சாம்பலை வைத்துப் பிழைக்கும் பொன்னரளி அரண்மனைக்குப் போய்க் கும்பிட்டாள்.

“கையில குடுக்காதீங்க சாமி. அதே வெல்லத்தத் தொட்டியில போடுங்க. பழைய கொணத்துக்கு வந்துரும்.”

தலைமை அமைச்சர் திருவுளநாதர் திகைத்துப்போனார். “தொட்டியில் போட்டால் கொடுத்தது யார் என்று குதிரைக்கு எப்படியம்மா தெரியும்?”

“பசி ஆறுனாப் போதாதுங்களா?”

மறுநாள் நாட்டிலிருந்த தொட்டிகளை எல்லாம் உடைத்தார்கள். இனிக் கொள்ளும் மன்னர் கையால் மட்டுமே என்று ஆணை. ஒரு கை, ஆயிரம் வாய். அடுத்த விழாவில், பட்டினியாக நின்ற சாம்பல் வெல்லத்தோடு மன்னரின் சுண்டுவிரலையும் எடுத்துக்கொண்டது.

மன்னரைக் காயப்படுத்தினால் மரணம் என்பது சட்டம். ஆனால் குதிரைகளெல்லாம் தம் உயிராகவே நினைக்கும் மன்னரைக் குதிரையே கடித்தது என்று ஊருக்கு எப்படி அறிவிப்பது? அமைச்சர் நெடுநேரம் யோசித்தார். பிறகு சபையைக் கூட்டினார். சாம்பலின் கழுத்தருகே வெட்டுக்கத்தியோடு ஒருவன் நின்றான்.

“பொன்னரளி, நன்றாக யோசித்துச் சொல். மன்னரின் வலக்கையில் எத்தனை விரல்கள்?”

அவள் மன்னரின் கைக்கட்டைப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள். சாம்பல் அவள் மடியை முகர்ந்துகொண்டிருந்தது.

“நாலுங்க சாமி. பொறந்ததுலேர்ந்தே நாலுதான்.”

“அப்படியானால் குதிரை எதையும் கடிக்கவில்லை!”

சாம்பல் அவிழ்த்துவிடப்பட்டது. பொன்னரளி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். என்ன நீதி, என்ன கருணை! மன்னரே கண்கலங்கினார். நாங்கள் கை வலிக்கத் தட்டினோம்.

கைக்கு நான்கு விரலே முறை என்று அன்றே சட்டம் வந்தது. கைப்பிடிக் கணக்கில் அளக்கும் எங்கள் அரிசி அதற்கேற்பக் குறைந்தது. வெளியே வரும்போது சுண்டுவிரலை மடக்கிக்கொள்ள எல்லோரும் பழகிவிட்டோம்.

சென்ற வாரம் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி அந்தப் பிஞ்சுக் கையை விரித்துப் பார்த்தாள். குரல் தாழ்ந்துவிட்டது.

“ஒண்ணு கூடுதலா இருக்குதுங்க. பயப்படாதீங்க, சின்னதுலேர்ந்தே மடக்கிப் பழக்கிரலாம்.”

எங்களுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.