பூச்சியார் பத்திரமாக வைத்த சான்றிதழ்கள்

பூச்சியைக் கண்டால் ஓடுகிறவர்கள் ஒரு ரகம். செருப்பைத் தேடுகிறவர்கள் இன்னொரு ரகம். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு; அபூர்வம்தான், ஆனாலும் தேடினால் உங்கள் தெருவிலேயே ஒருவர் அகப்படுவார். சாப்பிடும்போது தட்டில் பூச்சி விழுந்தால், தட்டை அதற்கே விட்டுக்கொடுத்துவிட்டு லென்ஸைத் தேடுகிறவர். அவருக்குப் பூச்சியார் என்று பெயர் வைக்கலாம் என்று பார்த்தேன். அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே வைத்துவிட்டார்களாம்.

பெண் அந்துப்பூச்சி கிளையில் உட்கார்ந்தபடியே, வயிற்று நுனியிலிருந்து துளியிலும் துளியாக ஒரு வாசனையைக் காற்றில் விடும். நம் மூக்குக்கு அது எட்டாது. அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஆண்பூச்சிக்கோ மூக்கில் வேர்த்துவிடும். மூக்கு என்றால் மூக்கா? தலையில் இருக்கும் இரண்டு உணர்கொம்புகள். அதில் ஒன்றை நறுக்கி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே மாட்டி, வாசனையை ஊதி, திரையில் கோடு துள்ளுகிறதா என்று பார்ப்பதுதான் பூச்சியாருக்கு இருபது வருடப் பிழைப்பு. கோடு துள்ளினால் இவரும் துள்ளுவார்.

சோதனையில் வேற்று வாசனை கலந்துவிடக்கூடாது என்பதால் வீட்டில் வாசனைச் சோப்பு கிடையாது, தலைக்கு மணக்கும் எண்ணெய் கிடையாது, சமையலறையில் வெங்காயம் நறுக்கும் ஓசை கேட்டால் இவருடைய சட்டைகள் எல்லாம் மாடிக்குப் போய்விட வேண்டும், கல்லூரியில் படிக்கும் மகள் தெருமுனைக்குப் போய்த்தான் பவுடர் போட்டுக்கொள்கிறாள். இவ்வளவு கூர்மையான மனிதரை அடுத்த அறையிலிருந்து மனைவி "ஏங்க" என்று கூப்பிட்டால்? ஒரு கோடும் துள்ளாது. கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது. நான்காவது "ஏங்க"வுக்கு "ம்" என்பார். அதைப் பதில் என்று நம்பி அந்த அம்மாள் பலமுறை ஏமாந்திருக்கிறார். எனக்கு அவரை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கும்.

பதினாறு வருடம் வீட்டோடு இருந்துவிட்ட அந்த அம்மாள், ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் புகார்களைக் கேட்கும் வேலைக்கு மனுப் போட்டார். வயது வரம்புப்படி அதுதான் கடைசி வாய்ப்பு. நேர்காணலுக்குக் கடிதமும் வந்தது. பார்த்தால் அலமாரியில் ஈரம். சான்றிதழ்களை எங்கே வைப்பது என்று அவர் புலம்பியது, என்ன அதிசயமோ, பூச்சியார் காதில் விழுந்துவிட்டது. "எங்கிட்ட குடு. லேப்ல பத்திரமா வைக்கிறேன்" என்று வாங்கிப்போய், காற்றுப் புகாத இழுப்பறை ஒன்றில் ஒரு வாரம் வைத்திருந்தார். அந்த இழுப்பறையில் வேறென்ன இருந்தது? ஆண்பூச்சிகளைப் பொறிக்கு இழுக்க இவரே செயற்கையாகத் தயாரித்த பெண்பூச்சி வாசனை. காகிதம் அதை எப்படிக் குடிக்கும் என்று மூன்று கட்டுரைகள் எழுதியவரும் இவர்தான்.

காலை பதினொரு மணி. மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள், பக்கத்தில் திறந்த ஜன்னல், வெளியே மரங்கள். அம்மாள் பிளாஸ்டிக் உறையிலிருந்து சான்றிதழ்களை எடுத்து வைத்தார். பட்டச் சான்றிதழ்மேல் ஒரு பழுப்புப் பூச்சி வந்து உட்கார்ந்தது. பகலில் பறக்கிற வகை. பிறகு நான்கு. பிறகு ஒரு கூட்டமே வந்தது. ஒருவர் கோப்பால் விசிறினார், ஒருவர் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்தார், தலைவர் நாற்காலிமேல் ஏறிவிட்டார். அம்மாள் மட்டும் பூச்சிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே காத்திருந்த பூச்சியார் இதை முதலிலிருந்தே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். மனைவியைக் காப்பாற்றவா? கையில் நோட்டும் பேனாவும் அல்லவா இருந்தன!

"தயவுசெஞ்சு ஜன்னலை மூடிடாதீங்க. பதினோரு நிமிஷத்துல முப்பத்தேழு வந்திருக்கு."

"யாரும்மா இவரு?" என்றார் நாற்காலிமேல் நின்ற தலைவர்.

அம்மாள் கணவரை மேலும் கீழும் பார்த்தார். "தெரியலீங்க. ஏதோ புகார் போல இருக்கு. உட்காரவச்சு, என்னன்னு கேட்டு எழுதிக்கட்டுமா?"

வேலை அங்கேயே கிடைத்துவிட்டது.

பூச்சியாருக்கு இதில் மனவருத்தம் எதுவும் இல்லை. முப்பத்தேழும் ஒரு கட்டுரையாக வெளிவந்தது. முடிவில் அந்த ஜன்னலுக்கு நன்றி சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை வேலையில் சேரப்போவதாக மனைவி மூன்று தடவை சொல்லியிருந்தார். வியாழக்கிழமை இவர் மகளிடம், "அம்மா ஊருக்குப் போயிருக்காளா?" என்று விசாரித்தார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்களுக்குப் பூச்சி இல்லாவிட்டால் சதுரங்கம் இருக்கும், செடி வளர்ப்பு இருக்கும், இதோ கையில் இந்தப் புத்தகம் இருக்கிறது. நீங்கள் இதைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து உள்ளேயிருந்து உங்களை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கே கேட்டது.