கதவு, எலுமிச்சை, குதிரை, ரிப்பன், ஏணி

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள். நானும் நலம். இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் உங்கள் தங்கை நம்ப மறுக்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

கால்பந்து அரையிறுதியில் நடந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள், மூன்று கோணத்தில் காட்டினார்களாமே. எங்கள் தடுப்பாட்டக்காரன், 'சுவர்' என்று எல்லோரும் கூப்பிடுவோமே அவன்தான், பந்தை வெளியே உதைத்தான். அணி மருத்துவரான நான் அந்த நேரம் பார்த்துக் கோட்டோரம் நின்று, தலை பத்திரம் என்று பையன்களுக்குக் கத்திக்கொண்டிருந்தேன். பந்து நேராக என் நெற்றிப்பொட்டில் வந்து விழுந்தது. தண்ணீர் பாட்டில் பெட்டிமேல் சாய்ந்தவன் உடனே எழுந்து, "எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன். இருபது வருஷமாக அடிபட்ட ஒவ்வொருத்தனும் என்னிடம் சொன்ன வசனம் இது. சொன்னவனை எல்லாம் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்திருக்கிறேன். போன மாதம் சுவரையே அப்படித்தான் இழுத்தேன், அழுதான், விடவில்லையே. ஆனால் நான் டாக்டர் இல்லையா, எனக்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியாதா?

எங்கள் பிசியோ சும்மா விடுகிற ஆள் இல்லை, சோதனை வைத்தே தீருவேன் என்றார். நான் எழுதிவைத்த ஐந்து சொல்லைச் சொல்வோம், தலையில் அடிபட்டவன் அப்போதே ஒருமுறையும் கொஞ்ச நேரம் கழித்து ஒருமுறையும் திருப்பிச் சொல்ல வேண்டும். தடுமாறினால் அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது. அவர் வாயைத் திறக்கும் முன்பே கதவு, எலுமிச்சை, குதிரை, ரிப்பன், ஏணி என்று ஒப்பித்துவிட்டேன், நூற்றுக்கு நூறு. கேள்வித்தாள் போட்டவரே பரீட்சை எழுதினால் எப்படி என்று அவர் முணுமுணுத்தது வெறும் பொறாமை. ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார்; புல்தரை சரிவாக இருந்ததால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஸ்கோர் கேட்டார், நாம்தான் முன்னிலை என்றேன். அது நம்பிக்கை மச்சான், மறதி இல்லை. இடைவேளையில் உடை மாற்றும் அறைக்குப் போய் உட்கார்ந்து, பயிற்சியாளர் பலகையில் போட்டுக் காட்டியதற்கெல்லாம் தலையாட்டி, ஒரு சந்தேகம்கூடக் கேட்டேன். அது எதிரணி அறை என்பது எல்லோரும் என்னையே பார்த்தபோதுதான் உறைத்தது. இரண்டு கதவும் ஒரே நிறம், யாராக இருந்தாலும் தவறத்தான் செய்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் தங்கை வாசலிலேயே கார் சாவியை வாங்கிக்கொண்டாள். ஆட்டக்காரர்களின் மனைவிமாருக்கு நான் அச்சடித்துக் கொடுக்கிற தாள் ஒன்று உண்டு: டிவி கூடாது, போன் கூடாது, வண்டி கூடாது, படிப்படியாகத்தான் வேலைக்குத் திரும்பலாம். அதை பிரிட்ஜில் ஒட்டிவிட்டாள். ஊருக்குத்தான் உபதேசம் என்று எழுதியது வீட்டுக்குள் வரும் என்று யார் கண்டது? திரைச்சீலை மூடிய அறையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுதறேன் மச்சான். வர்ற ஞாயிறு இறுதிப்போட்டி, நான் சேர்ந்ததுலேர்ந்து இதுதான் முதல் தடவை, நான் பெஞ்சுல இல்லன்னா எப்படி? சுவரையாவது சிபாரிசுக்குப் பிடிக்கலாம்னு கூப்பிட்டு அனுப்பினேன். வந்து பக்கத்துல உக்காந்தான். "அன்னிக்கு வெளிய இழுத்தப்ப மனசுக்குள்ள உங்களை அவ்ளோ திட்டினேன் டாக்டர். இப்ப நீங்க என்னைத் திட்டிக்கோங்க"ன்னுட்டு, உங்க தங்கை குடுத்த டீயைக் குடிச்சுட்டுப் போயிட்டான்.

சின்ன வயசுலேர்ந்து உங்க பேச்சை மட்டும்தான் அவ கேப்பா. ஒரு போன் போட்டு, மாப்பிள்ளை தெளிவாத்தான் இருக்கார்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. யாரும் பந்து வருகிற பக்கம் நிற்க வேண்டாம்.

இப்படிக்கு,
மிகத் தெளிவாக உள்ள
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அவள் வாங்கிப் படித்தாள். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். எதிரே உட்கார்ந்து, ஐந்து சொல் சொன்னாள். எல்லாம் புதுசு, அவளே யோசித்தது. நான் உறையில் விலாசம் எழுதி முடித்ததும் திருப்பிச் சொல்லச் சொன்னாள். கடகடவென்று சொன்னேன்: கதவு, எலுமிச்சை, குதிரை, ரிப்பன், ஏணி. அவள் கண் கலங்கிவிட்டது. "இருபது வருஷமா அடுத்தவங்க கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்தீங்க. உங்க கண்ணை யாரு பாக்கறது?" என்றாள். பயந்துவிட்டேன் மச்சான். போன் போட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என் இடத்தில் பிசியோவே உட்காரட்டும். அந்த ஐந்து சொல்லில் முதல் சொல் அவள் பெயராம்.