அறுபத்தாறு ரன்னும் வாசலில் நின்ற சம்பந்தியும்

விஜயநகர், மைசூர்
4-1-1997

மதிப்பிற்குரிய பழனிமுத்து ஐயா அவர்களுக்கு, ஜீவிதாவின் அப்பா ரத்தினவேல் பணிவுடன் எழுதிக்கொள்வது. 'சம்பந்தி' என்று எழுதத்தான் கை போனது. அந்த உரிமையைப் போன வாரம் நானே கெடுத்துக்கொண்டதால் ஐயா என்றே எழுதுகிறேன். ஹனூரில் தாங்களும் மல்லம்மா அவர்களும் தங்கள் மகன் தம்பி சந்தோஷ்குமாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

எப்படி நடந்தது என்று சொல்லாமல் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை. தாங்கள் மூவரும் இரண்டு பஸ் மாறிப் பெண் பார்க்க வந்த அன்று டர்பன் கிரிக்கெட் டெஸ்டில் நம்மவர்களின் இரண்டாவது இன்னிங்ஸ். முதல் இன்னிங்ஸில் நூறு ரன்னுக்குச் சுருண்டவர்கள் இதிலாவது மானத்தைக் காப்பாற்றுவார்கள் என்று டிவியை அணைக்காமல் சத்தத்தை மட்டும் குறைத்து வைத்திருந்தேன். தாங்கள் வாசற்படி தாண்டவும் ஒரு விக்கெட் விழுந்தது. நாற்காலியில் உட்காரவும் இன்னொன்று. பஜ்ஜிக்குக் கை நீட்டவும் மூன்றாவது. அதற்குமேல் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "தப்பா நெனைக்காதீங்க, கொஞ்சம் வெளிய போய் நின்னு பாருங்களேன், ஒரே ஒரு ஓவர்தான்" என்றேன். தாங்களும் சிரித்துக்கொண்டே எழுந்து போனீர்கள், மற்ற இருவரும் கூடவே போனார்கள், அந்த ஓவரில் விக்கெட் விழவில்லை. அதுதான் வினை. உள்ளே கூப்பிட்டால் விழுந்துவிடுமோ என்று ஒவ்வொரு ஓவராகத் தள்ளிப்போட்டு, பிறகு விக்கெட்டுகள் தாமாகவே விழ ஆரம்பித்த துக்கத்தில் தாங்கள் வெளியே நிற்பதையே மறந்துபோனேன். அறுபத்தாறுக்கு ஆட்டம் முடிந்தது. சமையலறையில் இருந்த என் மனைவி ராணிக்கும் ஒன்றும் தெரியாது. ஜீவிதா பட்டுப்புடவையில் காபித் தட்டோடு வந்து மூன்று காலி நாற்காலிகளைப் பார்த்தாள். முக்கால் மணி நேரம் மேற்கு வெயிலில் நின்ற தாங்கள் கேட்டுக்கு வெளியே இருந்தபடியே, "ஏனுங்க, பத்துப் பேரும் அவுட்டான பொறகுதான் எங்க நெனப்பு வந்துச்சுங்களா?" என்றீர்கள். உள்ளே வராமல் அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டீர்கள்.

ஐயா, அவளுக்கு இருபத்தேழு வயது. ஜாதகம் பொருந்தி வந்த முதல் இடம் உங்களுடையது. அன்று சாயங்காலம், "ஒரு நாளைக்காச்சும் அந்தப் பெட்டிய அணைக்கத் தோணலையாப்பா?" என்று கேட்டாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், மெதுவாகத்தான் கேட்டாள். அதோடு ஏழு நாளாக என்னிடம் பேச்சில்லை. தாங்கள் கொண்டுவந்த வாழைச்சீப்பு கறுத்துவிட்டது, அதை யாரையும் தொடவிடமாட்டேன் என்கிறாள். தம்பியை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள், பிடித்திருக்கிறது என்று ராணி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

டிவியைப் போர்வையால் மூடிவிட்டேன். இன்று கேப்டவுனில் ஆட்டம் என்பதைக்கூடப் பக்கத்து வீட்டு மஞ்சுநாத் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "ஹோய்த்து! ஹோய்த்து!" என்று தலையிலடித்துக்கொண்டு கத்துவதை வைத்துத்தான் அறிந்தேன். ஐம்பத்தெட்டு ரன்னுக்கு ஐந்தாவது விக்கெட்டும் போச்சு என்று சொன்னார். உடனே பேனாவை எடுத்தேன். தாங்கள் ஹனூரில் இருக்கும்போதே இப்படி விழுகிறதென்றால் தங்கள் மேல் என்ன குற்றம்? நம்மவர்களுக்கு ஆடத் தெரியவில்லை, எனக்கு மரியாதை தெரியவில்லை, அவ்வளவுதான். பொங்கல் கழித்து ஒரு நல்ல நாளில் மறுபடி வாருங்கள். பஸ் ஸ்டாண்டுக்கே வந்து அழைத்துப்போகிறேன். வேண்டுமானால் அன்று நான் வெயிலில் நிற்கிறேன். நாலு தாளைக் கிழித்துவிட்டு ஐந்தாவதில் இதை எழுதி முடிக்கிறேன்.

மல்லம்மா அவர்களுக்கு என் வணக்கமும் தம்பிக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்
ரத்தினவேல்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மஞ்சுநாத் மறுபடி கத்தினார். ஆறாவது ஜோடி நூறைத் தாண்டிவிட்டதாம். நான் பேனா எடுத்ததிலிருந்து ஒரு விக்கெட்கூட விழவில்லை. ஜீவிதா அறையிலிருந்து வந்தாள், போர்வையை இழுத்துப் போட்டாள், டிவியைப் போட்டாள், என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஏழு நாளுக்குப் பிறகு வாய் திறந்தாள்: "முடிச்சுடாதீங்கப்பா. எழுதிட்டே இருங்க." ஆகவே ஐயா, இந்தக் கடிதத்தை இப்போதைக்குத் தபாலில் போட முடியாத நிலையில் இருக்கிறேன். கவலை வேண்டாம். நம் ஆட்டக்காரர்களை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும், எப்படியும் ஆறு மணித் தபாலுக்குள் அவுட்டாகிவிடுவார்கள்.