வில்லையாளன் காப்பிக்கொட்டை கொணர்ந்த படலம்

வாழ்க வில்லையாளன்! வில்லேந்தி வெஞ்சமர் புரிந்த வில்லாளர்களையே பாடிப் பாடித் தழும்பேறிய நாவே, இன்று இவனைப் பாடு! மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஒற்றை விளக்கின் கீழ் முதுகு வளைய அமர்ந்து, ஊரார் கண்களுக்கெல்லாம் வில்லை தேய்த்து, சட்டத்தில் பொருத்தி, கடுகினும் சிறிய திருகாணி முறுக்கித் தெளிவெனும் வரமருளும் வள்ளலை, தன் கண்ணாடியை மட்டும் நெற்றிமேல் ஏற்றிவிட்டு வீடெங்கும் தேடித் திரியும் பெருந்தகையை, துணிப்பை ஒன்றே படைக்கலமாகக் காப்பிக்கடை புகுந்து மீண்ட தீரனைப் பாடு! கலைமகளை நான் அழைக்கப்போவதில்லை. அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும். வறுக்கும் உருளைக்குள் வாழும் நறும்புகையே, நீ வந்து என் நாவில் உட்கார். சூட்டை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வா.

இப்பெரும்போருக்குக் காரணம் மண்ணன்று, பொன்னன்று, ஒரு சொல். வில்லையாளனின் மாமனார் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வுபெற்றவர். காடும் மேடும் அளந்த அந்தக் கோமான், பேச்சையும் அளந்தே பேசுவார். அவர் பாராட்டுக்கு ஓர் எல்லைக்கல் உண்டு. அதில் 'பரவாயில்லை' என்று பொறித்திருக்கும். அதைத் தாண்டி ஒரு விரற்கடையும் அவர் நகர்ந்ததில்லை. மகளின் கல்யாணம் எப்படி நடந்தது? பரவாயில்லை. மாப்பிள்ளை வாங்கிய வீடு? பரவாயில்லை. முதல் பேத்தி பிறந்தபோது தொட்டிலை எட்டிப் பார்த்து அவர் திருவாய் மலர்ந்ததும் அதுவே. மாப்பிள்ளை வீட்டுக் காப்பியோ, வந்த நாளெல்லாம் பாதி குடிக்கப்பட்டு, மேசைமேல் வைக்கப்பட்டு, அச்சொல்லால் மூடி முத்திரையிடப்பட்டது. திட்டினால் முறைத்துக்கொள்ளலாம், புகழ்ந்தால் பல்லிளிக்கலாம், 'பரவாயில்லை' என்றால் ஒரு மனிதன் என்னதான் ஐயா செய்வான்?

இம்முறை மாமனார் தம் பெட்டியைத் திறந்து, துண்டில் சுற்றிய ஒரு பொருளைச் சட்டைகளுக்கு நடுவிலிருந்து எடுத்தார். இரும்புக் கைப்பிடியும் மரவயிறும் கொண்ட கையரைப்பான் அது. அதை மேசைமேல் நிறுத்திவிட்டு அறிவித்தார்:

"தூளா வாங்காதீங்க மாப்பிள்ளை. அரைச்ச அரை மணியில வாசனை ஓடிப்போயிடும். இன்னிக்கு வறுத்த கொட்டையா வாங்கிட்டு வாங்க. நானே அரைச்சுக்கறேன்."

"எனக்கு டீ," என்றார் மாமியார். "தூள் வேண்டாம். நல்ல முழு இலையா பார்த்து வாங்குங்க."

வாசல்வரை வந்த மனைவி குரலைத் தாழ்த்தினாள். "என்னங்க, இந்தத் தடவையாவது எங்கப்பா வாயிலேர்ந்து நல்லதா ஒரு வார்த்தை வரணும். உங்க முகம் தொங்கிப் போறதைப் பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துப்போச்சு."

வில்லையாளனின் நெஞ்சு சுருக்கென்றது. தன் முகம் தொங்குவது அவளுக்குத் தெரியாது என்றல்லவா இத்தனை காலம் எண்ணியிருந்தான்! வெல்வேன், அன்றேல் வீடு திரும்பேன் என்று வஞ்சினம் கூறிப் படியிறங்கினான். மேலிருந்து அவள் இன்னும் ஏதோ சொன்னாள்; "பாலும்..." என்று தொடங்கிய அவ்வாசகம் படிகளில் உருண்டு, செருப்பு அடுக்கும் இடத்தோடு நின்றுவிட்டது. அவன் காதிலோ போர்முரசு. வேறொன்றும் ஏறவில்லை.

தையற்கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் இடையே, இரண்டு ஆள் ஒன்றாய் நுழைந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய வாயிலோடு, அந்த அமர்க்களம் விளங்கிற்று. உள்ளே, கருவயிற்றுப் பேருருளை கடகடவெனச் சுழல, அதன் வாயிலிருந்து சற்றுமுன் கொட்டிய காப்பிக்கொட்டைகள் தட்டில் படபடவென வெடித்து ஓய, எண்ணெய்ப் பளபளப்பும் புகைமணமும் எழுந்து வாடிக்கையாளர் மூக்கைப் பிடித்து உள்ளே இழுக்க, பழுப்பு மேலங்கி தரித்த வறுப்பவர் அனைத்துக்கும் நடுவே துடுப்போடு நின்றார். மேடையோரம் வாய்பிளந்த அரவை இயந்திரம். சுவரெங்கும் தகர டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் விலாசம் நிறைய எழுதியிருந்ததே தவிர, எதை வாங்கலாம் என்று ஒரு வரி இல்லை.

முதற்போர் தேயிலையோடு நிகழ்ந்தது. வறுப்பவர் ஒரு பிடி இலையை வெள்ளைத்தாளில் பரப்பினார். வில்லையாளன் குனிந்தான், முகர்ந்தான், ஓர் இலையை விரலிடை நெரித்தான். அது முறுக்காய் ஒடிந்தது. கண்ணாடிக் குவளையில் வெந்நீர் ஊற்றி இலையை இட, சுருண்டு கிடந்தவை சோம்பல் முறித்து எழுந்து, காம்பும் நுனியுமாய் முழுமேனி காட்டின. அக்காட்சியை அருகிருந்து காண அவன் முகத்தை நீட்டியதும் ஆவி எழுந்து கண்ணாடியை மூடியது. ஊருக்கெல்லாம் தெளிவு வழங்கியவனுக்கு உலகமே வெண்பனிக்காடு! கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பழக்கதோஷத்தால் நெற்றிமேல் ஏற்றினான். ஐயோ, அங்கேயே தொடங்கிற்று வினை. டப்பாவில் கடைசியாய் இருந்த முழு இலையனைத்தும் அவன் பைக்குள் போயிற்று.

இரண்டாம் போருக்கு அவன் திரும்பியபோது பின்னால் ஒரு செருமல் கேட்டது. வந்து நின்றவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். தலைமுறை தலைமுறையாய் மாணாக்கரைத் தொடைநடுங்க வைத்த விழியும், மழையில்லா நாளிலும் மடங்காத குடையும் உடைய பெருமாட்டி. தட்டில் ஆறிக்கொண்டிருந்த அந்தக் காலை வறுவலின்மேல் இருவர் பார்வையும் ஒருசேர விழுந்தது.

"இன்னிக்கு வறுத்ததுல இவ்வளவுதான் மிச்சம்," என்றார் வறுப்பவர். "அரை கிலோ தேறும்."

"எனக்குக் கால் கிலோ எடுத்து வெச்சிடுங்க," என்று டீச்சர் ஆணையிட்டார்.

வில்லையாளன் ஒரு கொட்டையை எடுத்துப் பல்லிடைக் கடித்தான். மொறுக்கென்று உடைந்தது, கசப்பும் இனிப்பும் கைகோத்து நாவில் இறங்கின. ஆகா, இதுவன்றோ அது! இதைக் குடித்துமா ஒரு மனிதர் பாதியில் கோப்பையை வைப்பார்? மாமனார் தங்கும் நாள் எல்லாம் இதுவே வேண்டும், இதில் ஒரு கொட்டையும் பிறர் கைக்குப் போகலாகாது என்று பேராசைத் தீ அவனுள் மூண்டது. அவ்வேளை வறுப்பவர் அவன் பங்குக் கால் கிலோவை நிறுத்து, கரண்டியோடு கையில் ஏந்திக் கேட்டார்:

"இதை என்ன பண்ணட்டும் சார்?"

கரண்டி எந்த வாயின் மேல் நிற்கிறது என்பதை அவன் கண்டிருக்க வேண்டும். கண்டிருப்பான், கண்ணாடிதான் நெற்றியில் இருந்ததே! எடையைத்தான் கேட்கிறாரோ, வேறெதையோ கேட்கிறாரோ என்றெல்லாம் யோசிக்கவில்லை. வலக்கரம் உயர்த்தி, கடையதிர முழங்கினான்:

"அரை!"

அரைத்தது. இயந்திரம் உறுமிற்று, உலகு நடுங்கிற்று, டப்பாக்கள் கலகலத்தன. காலையில் பிறந்த அக்கொட்டைகள், மாமனாரின் மரவயிற்றுக்கென்றே நேர்ந்துவிட்ட அந்த மணிகள், அரைக்கணத்தில் மாவாகிப் பைக்குள் சரிந்தன. வில்லையாளன் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினான். தெளிவாய்த் தெரிந்தது, தூள்.

"ஐயையோ, என்னங்க இது! நான் எடையைச் சொன்னேன். அரை கிலோ!"

"அரைன்னீங்க, அரைச்சேன்," என்றார் வறுப்பவர், முகம் சிவந்து. "பார்க்க மரியாதையான ஆளா இருக்காரே, 'அரைங்க'ன்னு சொல்லாம வேலைக்காரனை ஏவற மாதிரி 'அரை'ங்கறாரேன்னு எனக்கே சுருக்குன்னு இருந்துது. அவசரம் போலன்னு பொறுத்துக்கிட்டேன்."

டீச்சர் குடையைத் தரையில் ஊன்றித் தீர்ப்பு வழங்கினார். "தப்பு உங்க பேர்லதான் தம்பி. அளவு சொன்னா அலகையும் சேர்த்துச் சொல்லணும். அரைன்னா என்ன? கிலோவா, லிட்டரா, முழமா? இதுக்கு நான் அரை மார்க் குறைப்பேன்."

வென்றவன் போல் வந்தவன் வெந்தவன் போல் நின்றான். எஞ்சிய கால் கிலோ முழுக்கொட்டை டீச்சருடையது. தூளோடு போனால் மாமனார் முகர்வார், கையரைப்பானைத் துண்டில் சுற்றுவார், பிறகு அந்தச் சொல். மனைவி அவன் முகத்தைப் பார்ப்பாள். அதை நினைத்ததும் மானம் மரியாதையெல்லாம் அவனை விட்டு விலகி நின்று வேடிக்கை பார்த்தன.

"டீச்சர், எங்க மாமனார் வந்திருக்கார். அவருக்குக் கொட்டையாத்தான் வேணும். இந்தத் தூளை நீங்க எடுத்துக்கிட்டு, உங்களுதை எனக்குக் குடுத்தீங்கன்னா..."

"எனக்குத் தூளாத்தான் வேணும்," என்றார் டீச்சர்.

அவன் முகத்தில் உதித்த சூரியனை அவர் கண்ணுற்றார். கணக்குத் தெரிந்தவர் அல்லவா? குடைநுனி மெல்ல உயர்ந்து அவன் பையைச் சுட்டிற்று.

"ஆனா அந்த டப்பாவுல கடைசியா இருந்த டீ உங்ககிட்ட இருக்கு."

கோட்டையை மீட்க நாட்டைக் கொடுத்த மன்னரும் உண்டு. நம் தலைவன் பையினுள் கைவிட்டு, சோம்பல் முறித்தெழும் அந்நீள் இலைகளை எடுத்து, தூளோடு சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு நீட்டினான். கொட்டை அவன் கைக்கு வந்தது. மாமியாருக்கென உடைந்த இலை கொஞ்சம் கட்டித்தரச் சொன்னான். இம்முறை "கட்டுங்க" என்றான், அளவோடு அலகும் சேர்த்தான். வறுப்பவரும் சிரித்துவிட்டார்.

வீடு. கையரைப்பானின் மரவயிற்றில் கொட்டைகள் சலசலவென இறங்கின. மாமனார் நாற்காலியில் நிமிர்ந்தமர்ந்து, முழங்கால்களுக்கிடையே அதைக் கவ்வி, நிலமளந்த கையால் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, மணம் கூடத்தைக் கடந்து, படுக்கையறை புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த பேத்தியை எழுப்பிவிட்டு வந்தது. மனைவி வடிகட்டினாள். கரும்பொன்னாய் இறங்கிற்று சாறு. வெற்றித்திருமகள் மாலையோடு வாசற்படியில் கால் வைத்த அந்நொடியில், மனைவி அடுக்களையிலிருந்து கேட்டாள்:

"பால் எங்கேங்க?"

உருளை நின்றது போல் வீடே நின்றது. படிகளில் உருண்டு போன வாசகம் மெல்ல ஏறி வந்து அவன் காதில் நுழைந்தது. மறைக்க ஏதுமில்லை.

"மறந்துட்டேன் மாமா," என்றான், கண்ணாடியைக் கழற்றி வெறுமனே துடைத்தபடி. "கொட்டையே நினைப்பா இருந்துட்டேன்."

மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பரவாயில்லை மாப்பிள்ளை," என்றார். "அப்படியே குடுங்க."

அதே சொல்தான். ஆனால் அன்று அது தோளில் தட்டிக்கொடுத்தது போல் இருந்தது. மாமனார் பாலின்றி, கறுப்பாய், ஆவி பறக்கக் கோப்பையை உயர்த்தினார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். கோப்பை பாதியைக் கடந்தது, மேசையைத் தேடவில்லை. அடிவரை சாய்ந்தது. கவிழ்த்துப் பார்த்தால் ஒரு துளியில்லை. பின்பு, அளந்து பேசும் அண்ணல், எல்லைக்கல்லைத் தம் கையாலேயே பிடுங்கி ஓரெழுத்துத் தொலைவு தள்ளி நட்டார்:

"பரவாயில்லையே!"

ஏகாரம்! ஒரே ஓர் ஏகாரம்! நாடும் நகரும் அதற்கு ஈடோ, தேரும் கரியும் அதற்கு விலையோ! மனைவி வில்லையாளனைப் பார்த்தாள். அவன் முகம் தொங்கவில்லை, அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வானோர் பூமழை சொரிய முறத்தோடு முன்வந்தனர், முரசுகள் முழங்கத் தோலை இறுக்கிக்கொண்டன, திசையெட்டும் அவன் புகழ் பரவத் தன் காலணியைக் கட்டிக்கொண்டது.

"அதெல்லாம் சரி, என் டீ எங்கே?" என்றார் மாமியார்.

வில்லையாளன் பால் வாங்கப் போனான்.