ஞாயிற்றுக்கிழமை விழுந்த நெருப்பு

பதினோரு பாட்டில் போட்டாயிற்று, இன்னும் ஆறு பாக்கி. எகோன் ஹேபர்லே இருட்டில் இடமும் வலமும் பார்த்துவிட்டு, பன்னிரண்டாவது காலி ஜாம் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்தார்.

அவர் தலைக்கு நேரே, காலிக் கண்ணாடி பாட்டில்களைப் போடும் தொட்டியின் மேல், சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு தொங்கியது. ‘ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே கண்ணாடி போடக் கூடாது. மற்றவர் ஓய்வைக் கெடுக்காதீர். இப்படிக்கு, எ. ஹேபர்லே, குடியிருப்போர் தலைவர்.’

எட்டு வருஷமாக இந்த விஷயத்தில் அவர் யாரையும் விட்டதில்லை. மேல்மாடி துர்சுன் ஒரே ஒரு தக்காளிச் சாறு பாட்டிலைப் போட்டதற்கு மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதிய மனிதர். எதிர்வீட்டு வால்ட்ராட் அம்மாள் ஞாயிற்றுக்கிழமை தும்மினால்கூட ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் தும்முவாள்.

அப்பேர்ப்பட்டவருக்கு இந்த நிலைமை. என்ன செய்வது, அக்கா ஹெட்விக் நாளைக் காலை முதல் ரயிலில் வருகிறாள். சர்க்கரை கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்க, பதினேழு பாட்டில் செர்ரி ஜாமை மனிதர் ஸ்பூனால் வழித்தே தின்று தீர்த்திருந்தார். ஹெட்விக் வந்தால் முதலில் அலமாரியைத் திறப்பாள், அப்புறம்தான் கோட்டைக் கழற்றுவாள்.

மணி மாலை ஐந்து நாற்பத்திரண்டு. அப்போதுதான் வானம் பற்றிக்கொண்டது.

மேற்கிலிருந்து பச்சையாக ஒரு நெருப்புக் கோளம் சீறிக்கொண்டு வந்து, மூன்றாக உடைந்து, தெற்கே போய் அணைந்தது. நவம்பர் மாத இருட்டு இரண்டு மூன்று நொடிக்குப் பட்டப்பகலாகிவிட்டது. நில அளவைத் துறையில் முப்பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியவர் ஹேபர்லே. நீட்டிய கையில் ஒரு முஷ்டி என்றால் வானத்தில் பத்து டிகிரி. கை தன்னால் எழும்பி அளக்கப் போயிற்று. எழும்பியது பை பிடித்திருந்த கை.

ஐந்து பாட்டிலும் தரையில் விழுந்து சிதறின. அந்தச் சத்தத்தில் பன்னிரண்டாவதும் கை நழுவிற்று.

ஓடிப்போயிருக்கலாம். ஆனால் நாய்களின் காலில் குத்துமே! குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கித் தொட்டிக்குள் போட்டார். கலகலவென்று அதற்கு ஒரு சத்தம். பத்து நிமிஷம் ஆயிற்று.

வருகிற சனிக்கிழமை வருடாந்தரக் கூட்டம், தலைவர் தேர்தல். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, வேலையும் ஓய்ந்தாயிற்று. அந்தப் பதவி இருப்பதால்தான் விளக்கு எரியவில்லை, குழாய் ஒழுகுகிறது என்று நாலு பேர் அவர் வீட்டு மணியை அடிக்கிறார்கள். அது போனால் ஏன் என்று கேட்க நாதி இல்லை. இதை நினைத்து அன்று இரவு முழுக்க அவருக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் ரேடியோவில் அறிவிப்பு வந்தது: நெருப்புக் கோளத்தைக் கண்டவர்கள் வானாய்வுக்கூடத்துக்கு மின்னஞ்சலில் எழுத வேண்டும். ஹேபர்லே மத்தியானம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். சரியான அளவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எப்படி? எழுதிவிட்டார். உயரம் முப்பத்திநாலு டிகிரி. மாதா கோவில் கோபுரத்துக்கு இடப்பக்கம் இரண்டு விரல் தள்ளி மறைந்தது. பார்த்த இடம் என்பதற்கு மட்டும் ‘என் பால்கனி’ என்று போட்டார்.

செவ்வாய்க்கிழமை வானாய்வுக்கூடத்திலிருந்து டாக்டர் சில்கே ஹார்ம்சென் வந்து இறங்கினாள். முப்பது வயதுதான் இருக்கும், மழைக்கோட்டும் கணுக்கால் வரை சேறுமாக நின்றாள்.

“சார், உங்க கடிதத்தைப் படிச்சிட்டு எனக்கு அழுகையே வந்துடுச்சு. டிகிரியோட எழுதற ஒரே ஆள் நீங்கதான்! இந்தத் தெருவுல இன்னும் இருபத்துமூணு பேர் எழுதியிருக்காங்க. ஒருத்தருக்கும் எந்தத் திசைன்னு தெரியலை. ஆனா எல்லாருமே ஒண்ணு சொல்றாங்க.”

“என்னம்மா?”

“கண்ணாடி உடைஞ்ச சத்தம் கேட்டுச்சாம்.”

ஹேபர்லே குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டார்.

“அப்படின்னா அந்த விண்கல்லு இங்கதான் எங்கேயோ ஒரு கண்ணாடியை உடைச்சிட்டு உள்ளே போயிருக்கு,” என்றாள் அவள், கண்கள் மின்ன. “கண்டுபிடிச்சே ஆகணும்!”

அன்று மாலைக்குள் வளாகமே ஏணியில் ஏறிவிட்டது. அறுபது வயது துர்சுன், முழங்கால் வலியோடு கூரை மேல் உட்கார்ந்து, கூரை ஜன்னல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“துர்சுன், இறங்குங்க! விழுந்து தொலைக்கப் போறீங்க!”

“உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க ஹேபர்லே சார், இப்பவே இறங்கிடறேன்.”

“எனக்கு... எனக்கென்ன தெரியும்?”

“அப்ப நான் இங்கேயே இருக்கேன். காத்து நல்லா வருது.”

ஹேபர்லேவின் மனசாட்சி குத்தியது. தன்னால் ஒரு மனிதனுக்குக் கால் முறியக் கூடாது. புதன்கிழமை விடிகிற நேரத்தில், முற்றத்தில் இருந்த தன் தக்காளிக் கண்ணாடிக் குடிலுக்குள் போய், சுத்தியலைத் துண்டில் சுற்றி, கூரைக் கண்ணாடி ஒன்றை ஒரே போடாகப் போட்டார். பிறகு வெளியே வந்து, “கிடைச்சாச்சு! என் குடில்லதான்!” என்று கூவினார்.

துர்சுன் இறங்கினார். ஹார்ம்சென் ஓடி வந்தாள்.

“கல்லு எங்க சார்?”

அதை யார் யோசித்தது?

“அப்புறம் ஒரு சந்தேகம்,” என்றாள் அவள் குனிந்து. “கண்ணாடித் துண்டெல்லாம் வெளியில கிடக்கே. கல்லு உள்ளேயிருந்தா வெளியே போச்சு?”

“அது... விழுந்த வேகத்துல துள்ளியிருக்கும்.”

“துள்ளியா?”

“நல்ல மண்ணும்மா. உரம் போட்டது.”

அவள் ஆறு மாணவர்களை வரவழைத்தாள். மதியத்துக்குள் குளிர்காலக் கீரைப் பாத்தி முழுவதும் சல்லடையில் இருந்தது. வால்ட்ராட் அம்மாள் தன் குட்டைக்கால் நாயோடு வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தாள்.

“பாவம், எவ்வளவு கஷ்டம் உங்களுக்கு,” என்றாள். அவள் குரலில் கேலி இருந்ததா, கரிசனம் இருந்ததா என்று ஹேபர்லேவுக்குப் புரியவில்லை.

வியாழக்கிழமை, இந்தப் பிள்ளைகள் தக்காளிக் கொடியின் வேரையாவது விடட்டும் என்று, அவரே ஒரு கல்லைக் ‘கண்டெடுத்தார்’. கருகருவென்று, ஓட்டை ஓட்டையாக, பார்க்க அசல் விண்வெளிச் சரக்கு. ஹார்ம்சென் கையுறை மாட்டி அதை வாங்கிக்கொண்டாள். திருப்பிப் பார்த்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பிறகு மூக்கருகே கொண்டுபோனாள்.

“சார், இதுல பொரிச்ச சாசேஜ் வாசனை வருது.”

“வானத்துல எரிஞ்சு வந்ததில்லையா?”

“கடுகுச் சட்னியும் தொட்டிருக்கு சார்.”

அது அவர் வீட்டு இறைச்சி வாட்டும் அடுப்பில் சூடு தாங்கப் போடும் எரிமலைக்கல். வீட்டுக்குள்ளிருந்து அக்கா ஹெட்விக் ஜன்னல் வழியாகக் கத்தினாள்: “எகோன்! அடுப்புல ஒரு கல்லு குறையுதே, எங்கடா வச்சே?”

ஹார்ம்சென் சிரிக்கவில்லை. கல்லை மரியாதையாக அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

சனிக்கிழமைக் கூட்டம் சைக்கிள் நிறுத்தும் நிலவறையில். காப்பி, ஆப்பிள் கேக், இருபத்தாறு நாற்காலி. ஹெட்விக்கும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். தேர்தலுக்கு முன் இரண்டு நிமிஷம் பேச அனுமதி கேட்டு எழுந்தாள் ஹார்ம்சென்.

“எல்லாருக்கும் நன்றி. கல்லு கிடைக்கலை. ஹேபர்லே சாரோட அளவை நம்பித்தான் இருந்தேன். ஆனா நேத்து அவர் பால்கனியில நின்னு பாத்தேன். அது கிழக்கு பாத்த பால்கனி. அங்கேயிருந்து கோபுரம் தெரியவே தெரியாது, பேக்கரிச் சுவர் மறைக்குது. அதனால...” கொஞ்சம் தயங்கினாள். “அளவு தப்புன்னு எழுதி, அவர் கடிதத்தைத் தள்ளிடப் போறேன். மன்னிச்சிடுங்க சார்.”

ஹேபர்லே கோப்பையைக் கீழே வைத்தார். காது மடல் சிவந்துவிட்டது. திருடன் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பார். முப்பத்தொன்பது வருஷத்தில் அவர் அளவை ஒருவரும் தப்பு என்று சொன்னது கிடையாது.

“அளவு தப்பில்லை!” என்று எழுந்து நின்று கத்தினார்.

கையை நீட்டி முஷ்டியை மடக்கிக் காட்டினார்.

“முப்பத்திநாலு டிகிரி. கோபுரத்துக்கு இடது பக்கம் ரெண்டு விரல். சத்தியமா சரி. இடம்தான் பொய். நான் நின்னது பால்கனி இல்லை, கண்ணாடித் தொட்டிகிட்ட. அந்தச் சத்தம் கல்லு இல்லை, நான்தான். பதினேழு ஜாம் பாட்டில். ஞாயித்துக்கிழமை!”

“பதினேழா!” என்றாள் ஹெட்விக்.

“குடில் கண்ணாடியை உடைச்சதும் நான்தான். துர்சுன், உங்க முழங்காலுக்கு நான்தான் பொறுப்பு. உங்களுக்கு எழுதின கடிதத்துக்கும் மன்னிப்பு. மூணு பக்கத்துக்கும். நான் விலகிக்கறேன். வேற யாரையாவது போடுங்க.”

ஹார்ம்சென் இதில் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. வரைபடத்தை விரித்து, தொட்டி இருந்த இடத்திலிருந்து அளவுகோலை வைத்து, பரபரவென்று ஒரு கோடு இழுத்தாள்.

“சார்! இப்ப வெளியூர்ல இதைப் படம் பிடிச்ச கேமராக்களோட கோடும் உங்க கோடும் ஒரே இடத்துல வெட்டுது! ஏரிக்கு அந்தாண்டை புல்வெளி! கல்லு அங்கதான் இருக்கணும்!”

“முதல்ல தேர்தல்,” என்றார் துர்சுன் சாவதானமாக, இன்னொரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டே. “ஹேபர்லே சாரே தலைவரா இருக்கணும்ங்கறவங்க கை தூக்குங்க.”

இருபத்துமூன்று கை தூக்கப்பட்டது. சிலர் சிரிப்பை அடக்க முடியாமல் மற்றக் கையால் வாயைப் பொத்தியிருந்தார்கள்.

ஹேபர்லேவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணினார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டதால் மூன்றாவது தடவை எண்ண முடியவில்லை.

ஹார்ம்சென் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். “ஒண்ணுதான் எனக்குப் புரியலை. அவ்வளவு பெரிய நெருப்பு. இருபத்துமூணு பேரும் ஜன்னல்ல நின்னிருக்கீங்க. எப்படி ஒருத்தர்கூட வானத்தைப் பாக்கலை?”

கடைசி வரிசையில் நாயை மடியில் வைத்திருந்த வால்ட்ராட் அம்மாள்தான் பதில் சொன்னாள்.

“எப்படிம்மா பாக்கறது? ஞாயித்துக்கிழமை யாரு கண்ணாடி போடறதுன்னு ஜன்னலுக்கு வந்தா, பட்டப்பகல் மாதிரி வெளிச்சம், அதுக்கு நடுவுல கையில ஜாம் பாட்டிலோட ஹேபர்லே சார்! வானத்துல நெருப்பு இன்னொரு நாளைக்கும் விழும்மா. இதை மறுபடி பாக்கக் கிடைக்குமா?”