பூட் ஆகாத நிக்காஹ்

கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி: 'இயங்குதளம் காணப்படவில்லை.'

தார்முஜி நோட்டை எடுத்து எழுதினான். 'படி 1. மணி 8.05. ஆன் செய்தேன். பலன்: இல்லை.'

நேற்று மாலை வரை ஓடிய கணினி. இடம் போதவில்லை என்று அதில் இன்னொரு டிஸ்க்கைச் சேர்த்தது அவன்தான். மாலை வகுப்பில் டிஸ்க் சேர்ப்பது ஏழாம் பாடம். சேர்த்தபின் கணினி பூட் ஆகாவிட்டால் என்ன செய்வது என்பது எட்டாம் பாடம். எட்டாம் பாடத்தன்று அவனுக்குக் காய்ச்சல்.

ஜாவாவில், சோலோ நகர் ஓரத்துத் திருமணப் பதிவு அலுவலகம் அது. தார்முஜி சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. நிக்காஹ் நடத்தி வைக்கும் ஸோபிரின் எட்டிப் பார்த்தார்; பெரியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'பாக்'.

"என்ன முஜி, திருமணச் சான்றுப் புத்தகம் பிரிண்ட் ஆயிடுச்சா?"

"ஆகிட்டே இருக்கு பாக்."

"புத்தகம் கைக்கு வராம நான் ஆரம்பிக்க மாட்டேன். பத்தரைக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கல்யாணம் இருக்கு. நாளைக்கு சுரோ மாசம் பொறக்குது, அதுல யாரும் கல்யாணம் வைக்க மாட்டாங்க. இன்னிக்கு விட்டா, இந்தப் புள்ளைங்க ஒரு மாசம் காத்திருக்கணும்."

கூடத்தில் மணப்பெண் வினார்சி கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள். அருகில் மாப்பிள்ளை பம்புடி, கறுப்பு வெல்வெட் சட்டையும் முதுகில் செருகிய குத்துவாளும் மல்லிகைச் சரமுமாக, சிலை போல உட்கார்ந்திருந்தான். அவன் அசையாமல் பார்த்துக்கொள்வது பெண்ணின் பெரியம்மா லாஸ்மியின் பொறுப்பு.

தார்முஜி இரண்டு டிஸ்க்குகளின் கேபிள்களையும் மாற்றிச் செருகினான். இப்போது கணினியை எழுப்பும் பூட் லோடர் வந்தது. வந்து, தான் தேடும் டிஸ்க் எங்கே என்று தெரியாமல் ஆங்கிலத்தில் புலம்பிவிட்டு நின்றது.

'படி 4. பலன்: முன்பு ஒரு வரி. இப்போது ஐந்து வரி. முன்னேற்றமா என்று தெரியவில்லை.'

வகுப்பில் கொடுத்த சிடியைப் போட்டு, பூட் லோடரைப் புதிதாக எழுதச் சொன்னான். 'எந்த டிஸ்க்கில்?' என்று கேட்டது. பட்டியலில் முதலில் இருந்ததை அழுத்தினான். அழுத்திய பிறகுதான் அது ஒன்றுமே இல்லாத புது டிஸ்க் என்று உறைத்தது. கணினி ஆன் ஆனது, ஆஃப் ஆனது, மறுபடி ஆன் ஆனது, மறுபடி ஆஃப் ஆனது.

'படி 7. தப்பு என்னுடையது. நேற்று டிஸ்க் சேர்த்ததும் என்னுடையதுதான்.'

"என்னப்பா தம்பி, இன்னும் எவ்வளவு நேரம்?" லாஸ்மி கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"கரண்ட் சரியில்லை அம்மா!"

லாஸ்மி தலைக்கு மேல் சுழலும் ஃபேனைப் பார்த்தாள்.

மாப்பிள்ளை எழுந்து கதவருகே வந்தான். "மாஸ், நான் கொஞ்சம் பார்க்கட்டுமா?" அந்த ஊரில் இளைஞர்கள் எல்லோரும் 'மாஸ்', அதாவது அண்ணன்.

தார்முஜி திரையை உடம்பால் மறைத்தான். "உங்க பேரெல்லாம் ஃபார்ம்ல சரியாத்தான் இருக்கு மாஸ். போய் உட்காருங்க."

"மாப்பிள்ளை! மல்லிகை உதிருது! உட்காருங்க!" என்றாள் லாஸ்மி.

மாப்பிள்ளை உட்கார்ந்தான்.

கணினிப் பெட்டியின் பக்கவாட்டில், ஓய்வுபெற்றுப் போன பழைய கிளார்க் ஒட்டிய சீட்டு இருந்தது: 'பழுது வந்தால் மாஸ் சர்வீஸ்', கீழே ஒரு எண். இத்தனை நேரம் கூப்பிடாததற்குக் காரணம் வெட்கம். கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி.

"எடுக்கலையா?" என்றார் ஸோபிரின். "இந்தக் காலத்துப் பசங்க! பத்து மணி ஆகியும் தூங்குறானுங்க!"

'படி 12. பதினேழு அழைப்பு. பலன்: இல்லை.'

மணி பத்தே கால். ஸோபிரின் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வண்டிச் சாவியைத் தேடினார். தார்முஜி நோட்டை மூடிவிட்டுக் கூடத்துக்குப் போனான்.

"பொய் சொல்லிட்டேன். கரண்ட் நல்லாத்தான் இருக்கு. கம்ப்யூட்டர்தான் பூட் ஆகலை. கெடுத்தது நான். சர்வீஸ்காரருக்குப் பதினேழு தடவை அடிச்சேன். அந்த மனுஷன் எடுக்கவே இல்லை."

வினார்சியின் கண் மை கரையத் தொடங்கியது. மாப்பிள்ளை மெல்லத் தலையைத் திருப்பிப் பெரியம்மாவைப் பார்த்தான்.

லாஸ்மி கைப்பையைத் திறந்து, அதிர்ந்துகொண்டிருந்து ஓய்ந்த ஒரு போனை வெளியே எடுத்தாள்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட ரிப்பேருக்குக் கூப்பிட்டுத் தொல்லை பண்ணுவாங்கன்னுதான் மாப்பிள்ளை போனைப் பிடுங்கி, சத்தத்தை அமுக்கி வெச்சேன், பதினேழு தடவையும் நீதானா தம்பி?"