சோதினை அண்ணை எடுத்த கொப்பி

இலங்கையில் எதையும் நம்பாத ஆட்களுக்கு ஒரு போட்டி வைத்தால் சோதினை அண்ணைதான் முதலாவதாக வருவார். வந்த பிறகு, புள்ளியைத் திருப்பிக் கூட்டிப் பாருங்கள் என்றும் சொல்வார்.

வெள்ளவத்தையில் ஒரு மாடியில் எங்கள் வீடியோக் கடை. கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாம் எடுப்போம். நான் லைட் பிடிக்கிறவன். கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ்ஸில் வருவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். லைட் பிடிக்க அது போதும். முகம் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் சரி.

அண்ணையின் வேலை கொப்பி எடுப்பது. எடுத்த படத்தைக் கடைக் கம்ப்யூட்டரில் இருந்து ஆட்களின் பென் டிரைவுக்கோ டிஸ்குக்கோ மாற்றிக் கொடுக்க வேண்டும். அது கனடா போகும், லண்டன் போகும். மற்றக் கடையில் இழுத்துப் போட்டுவிட்டுப் பால் விடாத பிளேன்ரீ குடிக்கப் போவார்கள். இவர் முதலில் அந்தக் கொப்பி எடுக்கிற சொஃப்ட்வேரைச் சோதிப்பார். பிறகு அந்தப் பென்னைச் சோதிப்பார். அதற்குப் பிறகுதான் படம். யாழ்ப்பாணத்தில் பரீட்சைக்குச் சோதினை என்பார்கள். தலையிடிக்கும் அந்தச் சொல் பொருந்தும். அவருக்கு இரண்டும் பொருந்தியது.

"அங்க கிடக்கிறதை இங்க போடுறதுக்கு ஏன் அண்ணை இந்தப் பாடு?" என்று ஒருநாள் கேட்டேன்.

வா என்று சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனார். பரிமாறுகிறவன் தமிழ். குசினியில் சமைக்கிறவர் சிங்களம்.

"இடியப்பம் பத்து. சொதி புறம்பா. பிளேன்ரீ, சீனி குறைய" என்றார்.

அவன் குசினிப் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் கத்தினான். இடியப்பம் வந்தது. சொதி மேலே ஊற்றியே வந்தது. பிளேன்ரீ சீனிப் பாணி மாதிரி இனித்தது.

"பாத்தியே லைட்டு. அவன்ர பாஷை வேற, இவன்ர பாஷை வேற. டிஸ்கும் அப்பிடித்தான். எங்கட கடை டிஸ்க் ஒரு பாஷை, விண்டோஸ் பென் ஒரு பாஷை, லண்டன்காரர் கொண்டுவாற டிஸ்க் இன்னொரு பாஷை. இடியப்பம் வரும். பெரிய சாமான் எல்லாம் வந்திடும். 'குறைய' எண்ட சின்னச் சொல்லுத்தான் வழியில விழும்."

பிறகு பிளேன்ரீயைத் திருப்பி அனுப்பினார். இரண்டாம் முறை சீனியே இல்லாமல் வந்தது. அதையும் திருப்பினார். கடைக்காரர் எங்களைக் கண்டாலே உள்ளே போய்விடுவார்.

முதலாளிக்கு இவரைப் பிடிக்காது. ஆனாலும் வைத்திருந்தார். காரணம் ஒரு தாலி.

அண்ணை ஒருநாள் காய்ச்சல் என்று வரவில்லை. முதலாளி தானே ஒரு கலியாணத்தை விண்டோஸ் பென்னில் போட்டுக் கொடுத்தார். அந்தப் பென்னில் ஒரே ஃபைல் நாலு ஜிபிக்கு மேல் போகாது. நல்ல சொஃப்ட்வேர் போகாது என்று சொல்லும். முதலாளி பாவித்தது போனமட்டும் போட்டுவிட்டு, முடிந்தது என்று சொல்லிவிட்டது. கனடாவில் பெண்ணின் பெரியம்மா ஊரையே கூப்பிட்டு வைத்துப் படம் போட்டிருக்கிறார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். ஐயர் கெட்டிமேளத்துக்குக் கையைக் காட்டினார். படம் முடிந்தது.

போன் வந்தது.

"தம்பி, கலியாணம் நடந்ததோ, குழம்பினதோ? ஒளிக்காமச் சொல்லுங்கோ."

"நடந்தது அம்மா."

"அப்ப ஏன் காட்டேல்லை?"

முழுதும் அனுப்பினோம். அது பிறகு வெட்டி ஒட்டிய படம் என்றாராம் பெரியம்மா. பெண்ணுக்குப் பிள்ளை பிறந்த பிறகும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை என்று கேள்வி.

அண்ணை சோதிக்கவென்றே கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார். அதில் ஒரு ஃபைல் பென்னில் அடங்காத அளவு பெரிது. ஒன்றில் ஒன்றுமே இல்லை. அம்மா என்று இங்கிலீஷில் பெரிய எழுத்தில் ஒன்று, சின்ன எழுத்தில் ஒன்று. கடை டிஸ்கில் இரண்டு அம்மாவும் இருப்பார்கள். விண்டோஸ் பென்னுக்குப் போனால் ஒரு அம்மா மற்ற அம்மாவை விழுங்கிவிடுவார். "எங்கட ஆக்களுக்கு ஏது பெரிய எழுத்து, சின்ன எழுத்து? அதுதான் பறிகுடுக்கிறம்" என்பார்.

இன்னொரு ஃபைலின் பெயர் அவருடைய முழுப் பெயர். தமிழில், தகப்பன் பெயரோடு. கெட்ட சொஃப்ட்வேரில் அது வெறும் பெட்டி பெட்டியாய் வரும்.

"இந்தா, இங்கயும் என்னைப் பிடிச்சுக் கூட்டில போட்டுட்டாங்கள்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது. சண்டை நடந்த அந்த நாளில் வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கும் தமிழர் பொலிஸில் பதிய வேண்டும். இவர் பெயரைத் தமிழில் சொன்னார். பதிந்தவர் சிங்களத்தில் எழுதினார். அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி இருந்தது. தெமட்டகொடைச் செக்பொயின்டில் மறித்த பொலிஸ்காரர் இரண்டையும் பார்த்தார். "மே நம் தெகக் நே" என்றார். இது இரண்டு பெயர் என்று அர்த்தம். ஒரு எழுத்து வித்தியாசம். இரண்டு இரவு உள்ளே இருந்தார். முதலாளி போய்க் கூட்டி வந்தார். முகம் வீங்கி இருந்தது.

"என்ன நடந்தது அண்ணை?"

"கொப்பி பிழைச்சுப் போச்சு."

 அன்றும் வந்து கம்ப்யூட்டரைப் போட்டார்.

கடையின் கலியாணம் எல்லாம் ஒரே டிஸ்கில் இருந்தது. அது பழசாகி டிக் டிக் என்று சத்தம் போடத் தொடங்கியது. முதலாளி புது டிஸ்க் வாங்கிக் கொடுத்தார். அது பெட்டி பிரிக்காமல் மேசையில் கிடந்தது.

"எப்ப அண்ணை மாத்துவியள்?"

"எந்தச் சொஃப்ட்வேர் எண்டு சோதிக்கிறன் தம்பி."

"வாங்கி மூண்டு மாசம்."

"சோதினை முடியேல்லை."

அப்போதுதான் ஒரு அம்மா வந்தார். கடற்கரைப் பக்க லேனில் இருந்தவர். மகளின் கலியாணம் நாங்கள்தான் எடுத்தோம். அதற்குப் பிறகு மகன் ஒருநாள் வேலைக்குப் போனான். வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அதோடு சரி. அவனைத் தேடி அம்மா போகாத இடம் இல்லை. கடைசியில் மகள் லண்டனுக்குக் கூப்பிட்டுவிட்டார். மறுநாள் பயணம். பாக்கில் ஒரு டிஸ்க் வைத்திருந்தார்.

"கலியாணப் படத்தை இதில போட்டுத் தாங்கோ தம்பி. போட்டோ கிடக்கு. அவன்ர குரல் அந்தப் படத்தில மட்டும்தான். கடைசிப் பக்கம் கதைப்பான்."

கடைசிப் பக்கம் என்றதும் அண்ணை என்னைப் பார்த்தார். நான் தாலியை நினைத்தேன்.

முதலாளி சொன்னார்: "இழுத்துப் போட்டுக் குடுங்கோ அண்ணை. டிஸ்க் சாகப் போகுது."

"சோதிச்சிட்டுப் போடுறன்."

"விசரே உங்களுக்கு? லைட், நீயாவது சொல்லு."

 நான் சொன்னாலும் கேட்க மாட்டார்.

அண்ணை தன் சோதினை ஃபோல்டரை அந்த அம்மாவின் டிஸ்குக்கு அனுப்பினார். முதல் சொஃப்ட்வேர் பெரிய ஃபைலை வெட்டிவிட்டு, முடிந்தது என்றது. இரண்டாவது முடியாது என்றது. அந்த டிஸ்கையே அவர் வேறு மாதிரித் தயார் செய்ய வேண்டி வந்தது. அம்மா கதிரையில் இருந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். பழைய டிஸ்க் டிக் டிக் என்றது. மூன்றாவது சொஃப்ட்வேரில் எல்லாம் போயிற்று. இரண்டு அம்மாவும் போனார்கள். அவருடைய பெயரும் பெட்டி ஆகாமல் போயிற்று. அதற்குப் பிறகு கலியாணத்தைப் போட்டார். போனது.

"முடிஞ்சுதெல்லே, குடுங்கோ" என்றார் முதலாளி.

"ஒப்பிட்டுப் பாக்கேல்லை."

மூலத்தையும் கொப்பியையும் பக்கத்தில் வைத்துத் திருப்பி வாசிக்க விட்டார். பாதியில் டிக் டிக் நின்றது. அவ்வளவுதான். பழைய டிஸ்க் போய்விட்டது. எத்தனையோ வீட்டுக் கலியாணம், பிள்ளைகள், செத்தவர்கள், எல்லாம் போய்விட்டது. புது டிஸ்க் பெட்டியோடு அதற்குப் பக்கத்தில் இருந்தது.



"வந்ததோ தம்பி?" என்று அம்மா கேட்டார்.

"வந்தது அம்மா. சரியா வந்ததோ தெரியாது. ஒப்பிட்டுப் பாக்க இனி ஒண்டும் இல்லை."

"நான் இருக்கிறனே. போடுங்கோ."

போட்டார். கடைசிப் பக்கம். ஆட்கள் சாப்பிட்டு முடித்துப் படத்துக்கு நிற்கிறார்கள். மகன் கமராப் பக்கம் திரும்புகிறான். என்னைப் பார்த்துச் சொல்கிறான்.

"அண்ணை, லைட்டை அம்மான்ர பக்கம் கொஞ்சம் திருப்புங்கோ. அவ இருட்டில நிக்கிறா."

வெளிச்சம் திரும்புகிறது. அம்மா முந்தானையால் முகத்தை மறைக்கிறார்.

அம்மா எழும்பவில்லை. பிறகு சொன்னார்: "இது என்ர பிள்ளைதான் தம்பி. பிழை ஒண்டும் இல்லை."

டிஸ்கைத் துணியில் சுற்றிப் பாக்கில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் படி இறங்கும் வரைக்கும் முதலாளி பொறுத்தார்.

"மூண்டு மாசம், அண்ணை. அண்டைக்கே இழுத்துப் போட்டிருந்தா எல்லாம் இருந்திருக்கும்."

"ஓம்" என்றார் அண்ணை.

"கடைக்கு இனி வராதேங்கோ."

"ஓம்."

முதலாளி சொன்னது சரி. அண்ணை இல்லாவிட்டால் அந்தக் குரல் லண்டனுக்குப் போயிருக்காது என்பதும் சரி. இரண்டையும் பக்கத்தில் வைத்து நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஒன்று மற்றதை விழுங்கவில்லை.

அண்ணை பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நானும் பின்னால் போனேன். கடைசிப் படியில் நின்றார்.

"லைட்டு, அந்தப் பொடியன் என்ன சொன்னவன்? திருப்பிச் சொல்லு."

சொன்னேன்.

"'கொஞ்சம்' எண்டு சொன்னவன். விட்டிட்டாய்."

திருப்பிச் சொன்னேன்.

"சரி. வச்சிரு" என்றார். காலி வீதியைக் கடந்து போனார்.

வவுனியாவில் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார். வெளிநாட்டுக்குப் போய்விட்டார் என்று இன்னொருவர். பிடித்துக்கொண்டு போனார்கள் என்று மூன்றாவது ஆள். எந்தக் கொப்பி சரி என்று எனக்குத் தெரியாது. நானும் அந்தக் கடையில் கன நாள் நிற்கவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அச்சில் பெட்டி பெட்டியாய் வந்தால் கோபிப்பார். அந்தப் பொடியன் சொன்னது என்னிடம் இருக்கிறது, 'கொஞ்சம்' உட்பட.

இதில் எங்காவது பிழை இருந்தால் அண்ணை கொட்டாஞ்சேனைக்கு வந்து சொல்லட்டும். பிளேன்ரீ நானே போட்டுத் தருகிறேன். சீனி குறைய.